பின்சீட்டிலும் உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பஸ்தர்களுக்கான வேகக் கார்கள் பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். குழந்தை பிறந்துவிட்டது, இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை விற்றாக வேண்டும், ஆனால் ஓட்டும் சுகத்தை விட மனமில்லை என்பவர்களுக்காக எழுதுவதாகக் கட்டுரை தொடங்கியது. அட, நமக்குத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில் கிடைத்தது ஓர் அட்டவணை. எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்), பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு எத்தனை வினாடி, உச்ச வேகம் என்ன, டிக்கி எத்தனை லிட்டர். எழுதியவர் எந்தக் காரிலாவது பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாரா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. குடும்பம் உட்காரப்போவது அங்கேதானே?

இந்த மாற்றத்தை அண்மையில் செய்து முடித்தவள் நான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: விற்ற கார் என்னுடையது, என் கணவருடையது அல்ல. இதை எல்லோரிடமும் சொல்லவேண்டியிருக்கிறது. என்னிடம் இருந்தது நான்காம் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்.-5. 1989-இல் முதன்முதலாக வந்ததிலிருந்து அந்தக் காரின் சூத்திரம் மாறவில்லை: முன்னால் சிறிய எஞ்சின், பின்சக்கரங்களுக்குச் சக்தி, இரண்டே சீட்டு, மடித்து வைக்கும் கூரை. என்னுடையது ஏறத்தாழ 1,050 கிலோ. டிக்கி 130 லிட்டர், அதாவது குழந்தையின் மடக்கு வண்டியை வைத்தால் டயப்பர் பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் டிக்கிக்காக நான் காரை விற்கவில்லை. கைக்குழந்தை பின்பக்கம் பார்த்தபடி உட்காரவேண்டும். உடலோடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை கனமானது, கழுத்து பலவீனமானது. நேருக்கு நேர் மோதலில் அந்த விசையைக் கழுத்து தாங்காது, முதுகு முழுவதும் பரவினால்தான் தாங்கும். குழந்தை இருக்கைகளுக்கான, ஐ-சைஸ் எனப்படும் ஐ.நா. விதி 129 குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம் பார்த்த இருக்கைதான் என்கிறது. இரண்டு சீட்டுக் காரில் அந்த இருக்கையை எங்கே வைப்பது? ஓட்டுநருக்குப் பக்கத்தில்தான். அங்கே ஏர்பேக் இருக்கிறது. விரியும் ஏர்பேக் நேராகக் குழந்தை இருக்கையின் முதுகைத்தான் அடிக்கும், அதனால் அதை அணைக்காமல் அங்கே பின்பக்க இருக்கையைப் பொருத்தவே கூடாது. சரி, அணைத்தாயிற்று, குழந்தையும் உட்கார்ந்தாயிற்று. இப்போது என் கணவர் எங்கே உட்காருவார்? அவர் பஸ்ஸில் வரட்டும் என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னேன். மறுநாளே விற்பனை விளம்பரத்தை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இனி வேகத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையாளர் பரிந்துரைத்தவை பெரும்பாலும் ஐந்நூறு, அறுநூறு எச்.பி. எஸ்.யூ.வி.கள். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவருக்கு என்ன இழப்பு நேர்கிறது என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வரும் பரிந்துரை இது. என் பழைய கார் நேர்ப்பாதையில் ஒன்றும் பெரிய வேகம் இல்லை. இன்றைக்குச் சாதாரண மின்சாரக் குடும்பக் கார்களே சிக்னலில் அதை முந்திவிடும். அதில் நான் விரும்பியது எடை இல்லாததை. ஸ்டியரிங்கைத் திருப்ப நினைத்தபோதே மூக்கு திரும்பியிருக்கும். பிரேக்கை விடும்போது முன்பக்கம் எழுவதை இடுப்பிலேயே உணரலாம். அறுபதில் போகும்போதும் அந்தச் சுகம் கிடைத்தது. ஐந்நூறு எச்.பி. எஸ்.யூ.வி. அறுபதில் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பும் வேகத்துக்குப் போனால் லைசென்ஸ் போய்விடும்.

எடையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேகமான குடும்பக் கார் என்று பெயர் வாங்கிய பி.எம்.டபிள்யூ. எம்5-ஐ எடுத்துக்கொள்வோம். 1980-களின் நடுவில் வந்த முதல் எம்5 286 எச்.பி., சுமார் 1,430 கிலோ. 2024-இல் வந்த ஹைப்ரிட் எம்5 727 எச்.பி., எடை 2,400 கிலோவுக்கு மேல். ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் சக்தி புதியதில்தான் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சின் சக்தி எடையை முன்னால் தள்ளத்தான் உதவும். நிறுத்தவும் திருப்பவும் டயரும் பிரேக்கும்தான் பாடுபட வேண்டும். ஒரே வேகத்தில் போகும்போது 2,400 கிலோ காரிடம் இருக்கும் இயக்க ஆற்றல், என் பழைய காரிடம் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவையும் பிரேக் டிஸ்க் சூடாக்கித்தான் கரைக்கவேண்டும். அதற்காக டிஸ்க் பெரிதாகிறது, டிஸ்க்குக்காகச் சக்கரம் பெரிதாகிறது, சக்கரத்துக்காக டயரின் பக்கச்சுவர் மெலிகிறது, மெலிந்த டயர் குழியில் விழுந்தால் பின்சீட்டில் இருப்பவருக்கு முதுகு வலிக்கிறது. பிறகு அதைச் சரிசெய்யக் காற்று சஸ்பென்ஷன், அதற்கும் எடை. எங்கேதான் முடிவது!

வேகமான குடும்பக் கார் என்பது எஸ்.யூ.வி. காலத்துக் கண்டுபிடிப்பும் அல்ல. 1976-இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. வந்தபோது 110 எச்.பி., எடை 800 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். டிக்கியும் பின்சீட்டும் சாதாரண கோல்ஃபில் இருந்த அதே அளவு. (அதன் கட்டம் போட்ட சீட்டுத் துணியும் கோல்ஃப் பந்து வடிவ கியர் குமிழும் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளரின் யோசனை. இதை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிவைப்பேன்.) 1994-இல் ஆடி, போர்ஷேவோடு சேர்ந்து ஆர்.எஸ்.2 என்ற எஸ்டேட்டை, அதாவது கூரை பின்னால்வரை நீண்டு பெரிய டிக்கி கொண்ட காரைச் செய்தது. 2.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் டர்போ, 315 எச்.பி., போர்ஷே பிரேக், பின்னால் முழு எஸ்டேட் டிக்கி. அதே ஆண்டில் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் வோல்வோ 850 எஸ்டேட்டையே இறக்கிவிட்டது. சாமான் ஏற்றும் வண்டி பந்தயத்தில் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் எத்தனை பேரோ, எனக்கு இன்றைக்கும் பிடித்த பந்தயக் கார் அதுதான். இந்த வரிசையில் வந்த ஹேட்ச்பேக், எஸ்டேட் எதையும் உங்கள் கட்டுரை தொடவே இல்லை.

டெஸ்ட் டிரைவுக்கு நாங்கள் போனவிதம் ஷோரூம்காரர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துப்போவோம். மாமியாரும் வருவார். மகளும் உண்டு. ஒரு ஷோரூமில் விற்பனையாளர் டர்போ, டார்க் எல்லாவற்றையும் என் கணவரைப் பார்த்தே விளக்கிக்கொண்டிருந்தார். “அவங்கதான் ஓட்டுவாங்க, அவங்ககிட்ட சொல்லுங்க” என்றார் இவர். விற்பனையாளர் என் பக்கம் திரும்பிச் சீட்டின் நிறங்களைச் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் காரை வாங்கவில்லை.

குழந்தை இருக்கையைப் பொருத்திப் பார்த்தால்தான் பல உண்மைகள் தெரியும். குழந்தை இருக்கையைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி சில கார்களில் சின்ன மூடிக்குள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. சிலவற்றில் இரண்டு தோல் மெத்தைக்கு நடுவே விரலை விட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது, நகம்தான் பாக்கி. பின்பக்கம் பார்த்த இருக்கையைப் போட்டால் அதற்கு முன்னால் உள்ள சீட்டை எவ்வளவு தூரம் நகர்த்தவேண்டும் என்பதை எந்தக் கம்பெனிப் புத்தகமும் சொல்வதில்லை. ஒரு காரில் என் கணவரின் முழங்கால் டேஷ்போர்டைத் தொட்டது. காகிதத்தில் அந்தக் கார் ஐந்து பேருக்கானது.

அப்புறம் இந்த பக்கெட் சீட்டுகள். வேகக் கார் என்றாலே முன்னால் இரண்டு பெரிய பக்கெட் சீட்டு, தோளை அணைத்துப் பிடிக்கும், தலைச்சாய்வோடு ஒரே வார்ப்பாக இருக்கும். ஓட்டுகிறவருக்குச் சொர்க்கம். முன்பக்கம் பார்த்து உட்காரும் வயது வந்த குழந்தைக்கு அது ஒரு சுவர். பாதை தெரியாது, அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று தெரியாது. வாந்திக்கு அதுவே முதல் படி.

வாந்தி என்று எழுதிவிட்டேன், காலை நேரத்தில் படிப்பவர்கள் மன்னிக்கட்டும். ஆனால் குடும்பத்துக்கான வேகக் கார் பற்றிப் பேசும்போது இதைவிட முக்கியமான விஷயம் எனக்குத் தெரிந்து இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘நகர்கிறோம்’ என்கிறது, சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘நகரவில்லை’ என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி குமட்டுவதில்லை. அதிகம் படுத்துவது வினாடிக்கு 0.2 முறை, அதாவது ஐந்து வினாடிக்கு ஒரு முறை வந்துபோகும் மெதுவான ஆட்டம். கப்பலில் தலை சுற்றுவது இதனால்தான். காரின் ஸ்பிரிங் இதைவிடப் பல மடங்கு விரைவாக மேலும் கீழும் ஆடும், அது குலுக்கும், குமட்டாது. அப்படியானால் காரில் அந்த மெதுவான ஆட்டம் எங்கிருந்து வருகிறது? ஓட்டுகிறவரிடமிருந்து. ஆக்சிலரேட்டரை அழுத்தி, விட்டு, பிரேக் போட்டு, மறுபடி அழுத்தி, ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை வெட்டி வெட்டித் திருப்பி, நாம்தான் அதை உண்டாக்குகிறோம். உயரமான கார் வளைவில் சாய்ந்து சாய்ந்து எழுவது அதை இன்னும் கூட்டும். பிள்ளைக்கு வாந்தி வருகிறது, அதனால் மெத்தென்ற உயரமான எஸ்.யூ.வி. வாங்குகிறோம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

தாழ்வான, சாயாத கார், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் நல்ல டேம்பர், ஜன்னலுக்கு வெளியே பார்க்க வசதியான பின்சீட்டு, பிரேக்கைக் கடைசி அங்குலத்தில் மெதுவாக விடத் தெரிந்த ஓட்டுநர், இவை இருந்தால் குழந்தை தூங்கிவிடுகிறது. அப்படி ஓட்டுவது சுலபம் என்று நினைக்கவேண்டாம். வளைவுக்குள் நுழையும் வேகத்தை முன்கூட்டியே தீர்மானித்து, ஒரே திருப்பாக ஸ்டியரிங்கைத் திருப்பி, வெளியே வரும்போதுதான் ஆக்சிலரேட்டரைத் தொடவேண்டும். பந்தயத் தடத்தில் பயிற்சி கொடுப்பவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். தனியாக ஓட்டியபோது இவ்வளவு சுத்தமாக நான் ஓட்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

விறைப்பான சஸ்பென்ஷன் வேறு பிரச்சினை. நல்ல பெயர் வாங்கிய ஒரு ஹேட்ச்பேக்கின் பின்சீட்டில் என் மாமியார் கொஞ்ச தூரம் வந்தார். “ஏம்மா, இது என்ன லாரியா?” என்றார். “ஸ்போர்ட் மோடு, அத்தை” என்றேன். “அதை அணைச்சிடேன்” என்றார். அணைத்தேன், அப்போதும் லாரிதான். மிருதுவான நிலையே கல்லாக இருந்தால் மூன்று நிலை டேம்பர் இருந்து என்ன பயன்? உங்கள் நிருபர்கள் இதைச் சோதிப்பதே இல்லை. கடைசி நிலையில் வைத்துப் பந்தயத் தடத்தில் ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

மின்சாரக் கார்களையும் பார்த்தோம். ஹூண்டாய் ஐயோனிக் 5-இன் வேக வடிவமான ‘5 N’ வியப்பாக இருந்தது. பூஸ்ட் போட்டால் 650 எச்.பி., நூறைத் தொட 3.4 வினாடி, பின்சீட்டு வரவேற்பறைபோல் விசாலம். கியரே இல்லாத காரில் கியர் மாறுவதுபோல் வெட்டி இழுக்கிறது, ஸ்பீக்கரில் எஞ்சின் சத்தமும் கொடுக்கிறது. இது ஏமாற்று இல்லையா என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2011-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 பெட்ரோல் காராக இருந்தும் தன் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகத்தான் உள்ளே சேர்த்தது. அதனால் சத்தத்தை வைத்து நான் அதைத் தள்ளவில்லை. பேட்டரி தரைக்குக் கீழே இருப்பதால் எடை தாழ்ந்து உட்கார்கிறது, சாய்வும் குறைவு. ஆனால் ஏறத்தாழ 2,200 கிலோ. 1,050 கிலோவிலிருந்து வருகிறவளுக்கு அது இன்னொரு உலகம். வீட்டிலேயே சார்ஜ் ஏற்ற வசதியுள்ள, ஸ்டியரிங் உணர்வைவிடப் பாய்ச்சலை விரும்புகிறவர்கள் அதையே வாங்கலாம், நான் தடுக்கமாட்டேன்.

கடைசியில் வாங்கியது ஹோண்டா சிவிக் டைப் ஆர். 2 லிட்டர் டர்போ, ஆறு கியர் மேனுவல், ஐந்து கதவு, 410 லிட்டர் டிக்கி, சுமார் 1,430 கிலோ. முதல் எம்5 இருந்த அதே எடை, அதைவிடக் கூடுதல் சக்தி. பின்னால் இரண்டே பேருக்குத்தான் பெல்ட். நடுவில் யாரும் உட்கார முடியாது. எங்களுக்கு அது கணக்காகப் பொருந்துகிறது: மகள், மாமியார், நாங்கள் இருவர். இன்னொரு குழந்தை வந்தால் மாமியாரா குழந்தையா என்ற கேள்வி எழும், அதற்கு என்னிடம் பதில் இல்லை. முன்சீட்டுகள் சிவப்பு பக்கெட்டுகள்தான், மேலே நான் குறை சொன்ன அதே சுவர். மகள் முன்பக்கம் பார்த்து உட்காரும்போது பாதை தெரியவேண்டுமே என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. அந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்தது நம் இஷ்டப்படி அமைத்துக்கொள்ளும் மோடு. எஞ்சின் கூர்மையாக, ஸ்டியரிங் நடுத்தரமாக, டேம்பர் மிக மிருதுவாக, மூன்றையும் தனித்தனியே வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பட்டனில் கட்டிவைக்கும் கார்களைவிட இது எவ்வளவோ மேல்.

காரை மாற்றுகிறவர்கள் டயரையும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். ஸ்போர்ட்ஸ் காரில் எப்போதும் ஒருவர், மிஞ்சினால் இருவர். குடும்பக் காரில் ஒருநாள் தனியாகவும் மறுநாள் நாலு பேரும் சாமானுமாகவும் போவோம். முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்ளேயோ ஒட்டியிருக்கும். பெரும்பாலும் யாரும் அதைப் படிப்பதில்லை. குறைந்த காற்றோடு சுமை ஏற்றி விரைவுச் சாலையில் போனால் டயரின் பக்கச்சுவர் வளைந்து வளைந்து சூடேறும், அது ஆபத்து. இந்த வகைக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியும் கிடையாது, ஒரு பசை டப்பாவும் காற்றடிக்கும் பம்பும்தான். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. குழந்தையோடு சாலையோரம் நிற்பதைக் கற்பனை செய்துவிட்டு வாங்குங்கள்.

என் தோழி ஒருத்தி, “போர்ஷே 911-இல் பின்னால் இரண்டு சீட்டு இருக்கிறதே” என்றாள். 1963-இல் அறிமுகமானதிலிருந்து இருக்கிறது, உண்மைதான். சின்னப் பிள்ளைகளுக்குச் சில வருடம் போதும். ஆனால் இரண்டே கதவு. தூங்கும் குழந்தையை முன்சீட்டைச் சாய்த்து, குனிந்து, உடம்பைத் திருப்பி உள்ளே வைக்கும்போது இடுப்பு என்னாகும் என்பதை அவள் யோசிக்கவில்லை. பழைய காரை வைத்துக்கொண்டு குடும்பத்துக்குத் தனியாக ஒன்று வாங்கலாமே என்றும் சிலர் சொல்வார்கள். இடமும் வசதியும் இருந்தால் அதுவே சிறந்தது, அதில் வாதமே இல்லை.

குழந்தையை வைத்துக்கொண்டு வேகக் கார் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. நான் வேக வரம்பை மீறுவதில்லை. நல்ல டயரும் பெரிய பிரேக்கும் சொன்னபடி திரும்பும் ஸ்டியரிங்கும் வரம்புக்குள் ஓட்டுகிறவருக்கும் பயன்படும், எதிரே ஒரு வண்டி தவறான பக்கம் வரும்போது இன்னும் அதிகமாகப் பயன்படும். இதற்குமேல் இதை நியாயப்படுத்த எனக்கு ஆர்வம் இல்லை. ஓட்டப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஆகவே ஐயா, அடுத்த முறை சோதனைக்குக் கார் வரும்போது உங்கள் நிருபரிடம் ஒரு குழந்தை இருக்கையைக் கொடுத்தனுப்புங்கள். அதைப் பொருத்த எவ்வளவு நேரமானது, முன்சீட்டில் எவ்வளவு இடம் மிஞ்சியது, மிருதுவான நிலையில் மோசமான சாலை எப்படி இருந்தது, பின்சீட்டிலிருந்து முன்பாதை தெரிகிறதா, ஆட்களோடு சேர்த்து எத்தனை கிலோ ஏற்றலாம் என்று எழுதச் சொல்லுங்கள். ஓட்டுவதை வேறொருவரிடம் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பின்னால் உட்கார்ந்து வரட்டும், கையில் ஒரு புத்தகத்தோடு. பூஜ்யத்திலிருந்து நூறு எத்தனை வினாடி என்பதை அட்டவணையின் கடைசிக்குத் தள்ளிவிடலாம். எடுத்துவிடச் சொல்லவில்லை. அதையும் நான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி